எரிமலைக் காப்புறுதி

எண்பத்தேழாம் ஆண்டு மொன்ட்ரியால் தமிழ்ச் சனம் எனக்கு ஒரு பட்டம் வைத்திருந்தது. எரிமலை மலர். என் சொந்தப் பெயர் சிவமலர். கோபக்காரி என்பதால் வந்த பட்டம் என்று புதிதாய்க் கேள்விப்படுகிறவர்கள் நினைப்பார்கள். எனக்குக் கோபம் வருவது உண்மைதான், ஆனால் பட்டம் அதனால் வரவில்லை. பனி கொட்டுகிற இந்த ஊரில், ரொக்ஸ்பரோவில் வாங்கிய வீட்டுக்கு, எரிமலை வெடித்தால் நட்டஈடு வேண்டும் என்று காசு கட்டி இன்சூரன்ஸ் எடுத்த தமிழச்சி நான் ஒருத்திதான்.

சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள். அதற்குப் பிறகு சொல்கிறேன்.

எண்பத்து மூன்று ஜூலையில் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டை எரித்தார்கள். நானும் என் புருஷன் நகுலேஸ்வரனும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிய சின்ன வீடு. அதற்கு நெருப்புக் காப்புறுதி இருந்தது. ஒரு வருஷமும் கட்டத் தவறியதில்லை. அகதி முகாமிலிருந்து வெளியே வந்ததும், இரவல் சேலையோடு அந்தக் கம்பனிக் கவுண்டரில் போய் நின்றேன். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் கதைத்தார்.

"நெருப்பு எண்டால் தருவம், அம்மா. இது கலகத்தில வந்த நெருப்பு. கலகம் சேர்த்தி இல்லை."

"வீடு எரிஞ்சது நெருப்பிலதானே?"

"ஓம். ஆனால் நெருப்பு எப்பிடி வந்தது எண்டுதான் நாங்கள் பாக்கிறது."

நான் அங்கே அழவில்லை. வீட்டுக்கு வந்தும் அழவில்லை; அழுவதற்கு வீடும் இல்லையே. ஆனால் ஒன்றைப் படித்துக்கொண்டேன். இன்சூரன்ஸ்காரன் எதற்குத் தருவான் என்று கேட்பது வீண். எதற்குத் தரமாட்டான் என்று முதலில் கேட்க வேண்டும்.

மாமி வேறு தன் பங்குக்கு ஒன்று சொன்னா. மாமி என்றால் இவருடைய தாய், யாழ்ப்பாணத்தில் இருக்கிறவ. வெள்ளவத்தை வீட்டுக்குக் குடிபுகுந்த அன்று அவசரத்தில் நான் வாசலில் கோலம் போடாமல் விட்டுவிட்டேன். "கோலம் போடாமல் குடிபூந்தால் வீடு எப்பிடித் தங்கும்?" என்றா. வீட்டைக் கொளுத்தினவர்களை விட்டுவிட்டு என் தலையில் பழியைப் போட்ட மனுசியை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மொன்ட்ரியாலுக்கு வந்து சேர்ந்தபின் எங்களுக்குத் துணையாக அமைந்தவர்கள் மட்டக்களப்புச் சிவானந்தமும் மனைவி றோசலினும். ஆண்கள் இருவரும் உணவகத்தில் கோப்பை கழுவினார்கள். றோசலினும் நானும் ஒரு உடுப்புத் தொழிற்சாலைக்கு வீட்டிலிருந்தே தைத்துக் கொடுத்தோம். வாடகைக்கு இருந்த மாடியில் எங்கள் மெஷின் சத்தத்துக்குக் கீழ்வீட்டுக்காரர் தும்புத்தடியால் தன் கூரையில் இடித்தார். மூன்று வருஷம் இடி வாங்கியபின், இரண்டு குடும்பமும் சேர்ந்து ரொக்ஸ்பரோவில் ஒரு பழைய வீட்டைப் பார்த்தோம். ஆற்றங்கரை கூப்பிடு தூரத்தில் இருந்ததால் மலிவு. பேஸ்மெண்ட் பெரியது, எவ்வளவு மெஷின் ஓட்டினாலும் இடிக்க ஆளில்லை. தையல் ஓடினால்தான் வங்கித் தவணை கட்டலாம் என்ற கணக்கில்தான் வீட்டை வாங்கினோம்.

அந்த நாட்களில் நான் பிரெஞ்சு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள் டீச்சர் ஜன்னலுக்கு வெளியே மொன்ட் றோயல் மலையைக் காட்டி, அது ஆதி காலத்தில் எரிமலையாக இருந்தது என்று இந்த ஊரில் சொல்வார்கள் என்றாள். மற்றவர்கள் அதைக் கொப்பியில் எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனார்கள். எனக்கு அடுத்த பாடம் காதில் ஏறவில்லை. பஸ்ஸில் வரும்போது அந்த மலையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். உச்சியில் ஒரு பெரிய சிலுவை. ஒரு பயமும் இல்லாமலா அங்கே கொண்டுபோய்ச் சிலுவை நட்டு வைத்திருக்கிறார்கள்?

வீட்டுக்கு இன்சூரன்ஸ் போட வந்தவர் வேதாந்தம் என்ற சென்னைக்காரர். இருபது வருஷமாக இங்கே இருக்கிறவர், நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். கையெழுத்து வைக்கும் இடத்தை விரலால் தட்டிக் காட்டினார்.

"சார், எதுக்கெல்லாம் தரமாட்டாங்கள் எண்டதை வாசியுங்கோ."

"அதெல்லாம் சும்மா ஃபார்மாலிட்டிம்மா."

"கொழும்பிலயும் அப்பிடித்தான் சொன்னவை. வாசியுங்கோ."

மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் வாசித்தார். யுத்தம், கலகம், அணுக்கதிர், ஆற்று வெள்ளம், நிலநடுக்கம், எரிமலை, நிலச்சரிவு, சாக்கடை எதிர்த்து வருவது. யுத்தம் என்றதும் சிவானந்தம் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எல்லாத்தையும் சேருங்கோ," என்றேன்.

"யுத்தத்துக்கெல்லாம் எங்கயும் கிடைக்காதும்மா. ஆத்து வெள்ளம், ஆத்தங்கரை வீட்டுக்கு எவனும் குடுக்க மாட்டான்."

"எரிமலை?"

அவர் பேனை நின்றது. "எரிமலையா? மான்ட்ரியல்லயா?"

"அந்த மலை எரிமலைதானே?"

வேதாந்தம் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கழன்று தேநீரில் விழப் பார்த்தது. "அதெல்லாம் கதைம்மா! அப்படியே இருந்தாலும் அணைஞ்சு கோடி வருஷம் ஆச்சு."

"கொழும்பிலயும் எல்லாம் அணைஞ்சிட்டுது எண்டுதான் சொன்னவை, சார்."

அவர் சிரிப்பை நிறுத்தினார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து, நிலநடுக்கம், எரிமலை, நிலச்சரிவு, சாக்கடை நான்கும் ஒரே கட்டாகத்தான் தருவார்கள், தனித்தனியாகப் பிரிக்க மாட்டார்கள் என்றார். கூடுதலாகக் கட்ட வேண்டும். எனக்குச் சாக்கடை ஒரு பொருட்டே இல்லை. எரிமலை வந்தால் சரி என்று கையெழுத்துப் போட்டேன்.

என் புருஷன் முகம் தொங்கிப்போயிற்று. படம் பார்க்க ஒரு வீடியோ டெக் வாங்கவென்று சேர்த்து வைத்திருந்த காசு அது.

"அப்ப டெக்?"

"எரிமலை வெடிக்கேக்குள்ள டெக்கில இருந்து படம் பாக்கப்போறியளே?"

வேதாந்தம் இதை யாருக்கோ சொல்ல, வெறும் வாயை மென்றுகொண்டிருந்த சனத்துக்கு அவல் கிடைத்தது. லவாலில் வீடு வாங்கியிருந்த மகேந்திரராசா சனிக்கிழமை தவறாமல் போன் எடுத்து, "மலரக்கா, இண்டைக்கு மலை புகையுதோ?" என்று கேட்பான். கோயிலில் பெண்டுகள் என்னைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இவருக்கு அவமானம். எனக்குச் சிரித்தவர்களை ஒவ்வொருவராய்க் கூப்பிட்டு அறையவேண்டும் போல இருந்தது.

ஜூலையில் குடிபுகுந்தோம். இந்த முறை மாமிக்கு ஒரு சொல்லும் சொல்ல இடம் வைப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். முன்வாசல் வெறும் மரப்படி, கோலம் போட இடமில்லை. பேஸ்மெண்டுக்குத் தனியாக ஒரு பின்கதவு இருந்தது. முற்றத்திலிருந்து இரண்டு படி ஏறினால் ஒரு சீமெந்துத் தளம், அதற்கு மேலே தகரக் கூரை. அங்கேயிருந்து கதவைத் திறந்தால் உள்ளே படிகள் கீழே இறங்கும். அந்தச் சீமெந்துத் தளத்தில், கதவு நிலையிலிருந்து மற்ற ஓரம்வரை, கால் வைக்க இடமில்லாமல் அரிசிமாவால் கோலம் போட்டேன். சனிக்கிழமை காலை முழுக்க அதற்குப் போனது. பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுக்காரி மதாம் குளூத்தியே வேலிக்கு மேலால் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஞாயிறு பால் காய்ச்சினோம். படம் எடுக்க மொன்ட்ரியால்-நோரிலிருந்து தெரிந்த பெடியன் கிறகரி தன்னுடைய கமெராவோடு வந்தான். சாப்பிடுகிறவர்களை எல்லாம் வளைத்து வளைத்து எடுத்தான். கோலத்தடிக்கு வந்தபோது பிலிம் முடிந்துவிட்டது.

"அடுத்த ஞாயிறு புதுப் பிலிமோட வாறன் அக்கா," என்றான்.

வேறு என்ன செய்வது? வீட்டில் உள்ள எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன். "மாமிக்குப் படம் அனுப்பும்வரைக்கும் பின்கதவால ஒருத்தரும் போறேல்லை. கோலத்தை மிதிச்சால் காலை முறிப்பன்."

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வானம் இருண்டது. றோசலினும் நானும் கீழே தைத்துக்கொண்டிருந்தோம். மழை பெய்தது என்று சொன்னால் போதாது. காற்றுக்கூட இல்லாமல், வானத்தைக் கவிழ்த்துவிட்டது போல நேராய்க் கொட்டியது. சிறிது நேரத்தில் தரையின் மூலையில் இருந்த கழிவுநீர்த் துவாரம் களக் களக் என்றது.

"மலரக்கா, என்ன இது, சோத்துப்பானை கொதிக்கிறாப்போல?" என்றாள் றோசலின்.

சொல்லி வாய் மூடவில்லை, துவாரத்தின் மூடியைத் தள்ளிக்கொண்டு கறுப்புத் தண்ணீர் எழும்பியது. நாற்றம் தாங்கமுடியவில்லை. தைத்து முடித்த உடுப்புக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடினோம். மின்சார மெயினை நிறுத்திவிட்டுத் திரும்பி வருவதற்குள் தண்ணீர் முழங்காலைத் தாண்டிவிட்டது. மெஷின்களைத் தூக்க இரண்டு பெண்களால் முடியாது. மோட்டர்கள் மூழ்குவதைப் படியில் நின்று பார்த்தோம். வானொலியில் டெக்காரி நெடுஞ்சாலையில் கார்கள் மிதக்கின்றன என்றார்கள்.

தண்ணீர் வடிந்தபோது மெஷின், வீட்டைச் சூடாக்கும் உலை, றோசலின் குடும்பத்தின் கட்டில், மெத்தை எல்லாம் சேறாய்க் கிடந்தன. மெஷின் இல்லையென்றால் தையல் இல்லை. தையல் இல்லாமல் தவணை கட்டமுடியாது. அதற்கு மேல் என்னவென்று யோசிக்க எனக்குத் துணிவில்லை. என் வாழ்நாளில் இரண்டாவது வீடும் கையைவிட்டுப் போகப் பார்த்தது.

வேதாந்தத்துக்குப் போன் எடுத்தேன்.

"சாக்கடைத் தண்ணியா? கவலையே படாதீங்க, எரிமலையோட சேர்த்து அதையும் வாங்கியிருக்கீங்களே!" என்று அவர் துள்ளினார். பிறகு குரல் இறங்கியது. "ஆனா ஒண்ணு. ஆத்தங்கரை வீடு. பார்க்க வர்றவன் ஆத்துத் தண்ணிதான் உள்ள வந்துச்சுன்னு எழுதிட்டான்னா, ஒரு சதம் வராது."

எனக்குக் கொழும்புக் கவுண்டர் கண்முன்னே வந்து நின்றது. அங்கே நெருப்பு எப்படி வந்தது என்று கேட்டார்கள். இங்கே தண்ணீர் எப்படி வந்தது என்று கேட்கப் போகிறார்கள். தண்ணீர் துவாரத்தால் வந்ததற்கு றோசலினும் நானும் மட்டும்தான் சாட்சி.

அதற்கிடையில் வீட்டுக்குள்ளேயே சண்டை. இவரும் சிவானந்தமும் ஊறிப்போன மெத்தையைக் கீழேயிருந்து சமையலறைக்குப் போகும் குசினிப் படியால் ஏற்றமுடியாமல் திண்டாடினார்கள்.

"பின்கதவைத் திறவப்பா! நாலடியில முற்றம்!" என்று இவர் கத்தினார்.

"கோலம் கிடக்கு."

"வீடே போகப்போகுது, உனக்குக் கோலமே பெரிசு?"

"வீடு போனாலும் போகட்டும். கோலம் போடாமல் விட்டாள் எண்டு அந்த மனுசி இன்னொருக்காச் சொல்லக்கூடாது."

சிவானந்தம் பெருமூச்சு விட்டார். "விடு மச்சான், வெள்ளத்தைவிட இவ பொல்லாதவ," என்று மெத்தையின் மற்ற முனையைத் தூக்கினார். மூன்று நாளும் அத்தனை சாமானும் குசினிக்குள்ளால்தான் போயின. குசினித் தரையும் சேறாயிற்று. றோசலின்கூட என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை இன்சூரன்ஸ் கம்பனியின் ஆள் வந்தார். பெலாஞ்சே என்று பெயர்; முசியே என்றால் இங்கே ஐயா. உயரமானவர், தோல் சப்பாத்து, கழுத்தில் உடனே படம் தரும் கமெரா. வந்ததும் வீட்டைப் பார்க்கவில்லை, தெருவில் நின்று ஆற்றைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். எனக்கு அந்தத் தலையாட்டல் விளங்கியது.

"ஆறு பக்கத்தில், மதாம். பின்னால் ஒரு கதவும் இருக்கிறது. தண்ணீர் அதனால் நுழைந்திருக்கும்," என்றார் பிரெஞ்சில், எனக்கு விளங்கவேண்டுமென்று மெதுவாக.

"இல்லை, முசியே. துவாரத்தால் வந்தது. நான் பார்த்தேன்."

"எல்லா வீட்டிலும் அப்படித்தான் சொல்கிறார்கள்."

சொல்லிவிட்டு வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் நடந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன். என் பிரெஞ்சு முழுவதும் மறந்துபோயிற்று. அவர் ஒரு படி ஏறி, கதவுப் பிடியை நோக்கிக் கையை நீட்டி, சப்பாத்துக் காலைத் தூக்கினார்.

"காலை எடு!" என்று கத்தினேன். பிரெஞ்சில் அல்ல, தமிழில், மூன்று நாள் கோபத்தையும் சேர்த்து.

மனுஷன் ஒற்றைக் காலில் கொக்குப் போல நின்றுவிட்டார். மெதுவாகக் கீழே பார்த்தார். நானும் பார்த்தேன். சீமெந்துத் தளம் முழுக்க வெள்ளை வெளேரென்று என் கோலம். ஒரு ஓரத்தில் அணில் கொஞ்சம் நக்கியிருந்தது. மற்றபடி ஒரு புள்ளி கலையவில்லை.

அப்போதுதான் எனக்கே விளங்கியது.

"முசியே," என்றேன். பிரெஞ்சு இப்போது கடகடவென்று வந்தது. "ஆறு இந்தக் கதவால் வந்தது என்றீர்களே. எதன் மேலால் வந்தது?"

அவர் குந்தினார். "இது பெயின்ட்டா?"

"அரிசிமா."

ஒரு விரலால் தொட்டார். விரலில் மா ஒட்டியது. குனிந்து லேசாக ஊதினார். ஒரு இதழின் ஓரம் பறந்தது.

"ஊதாதீங்கோ!" என்று அதையும் தமிழில்தான் சொன்னேன். அவருக்கு விளங்கியது.

எழுந்து நின்று யோசித்தார். "மதாம், மன்னிக்கவேண்டும். இதை நேற்றுக்கூடப் போட்டிருக்கலாமே?"

என் வாயில் வந்ததை நான் சொல்லியிருந்தால் அந்தக் கணமே எல்லாம் கெட்டிருக்கும். நல்லகாலம், வேலிக்கு மேலால் மதாம் குளூத்தியே முந்திக்கொண்டாள்.

"நேற்றா? போன சனிக்கிழமை காலை முழுக்க அவள் அங்கே குந்திக்கொண்டிருந்தாள். தரையைத் தேய்க்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அன்றிலிருந்து அந்தக் கதவை ஒருவரும் திறக்கவில்லை. அந்தப் பாவம் பிடித்த ஆண்கள் மெத்தையை முன்பக்கத்தால் சுமந்ததைப் பார்த்து நானே திட்டினேன்!"

முசியே பெலாஞ்சே படியிலிருந்து இறங்கினார். முன்பக்கத்தால் உள்ளே வந்து கீழே இறங்கினார். ஜன்னல் விளிம்புகளில் பழைய சிலந்தி வலை அப்படியே இருந்ததைப் பார்த்தார். பின்கதவுப் படிகளின் மேல்பாதியில் உலர்ந்த தூசி, கீழ்ப்பாதியில்தான் சேறு. கடைசியில் துவாரத்தடியில் குந்தி, அதைச் சுற்றித் தடிப்பாய்ப் படிந்திருந்த கறுப்பு அழுக்கைப் பேனையால் கிளறினார்.

"கீழேயிருந்துதான் வந்திருக்கிறது," என்றார். "ஆனால் மதாம், சாக்கடைக்குத் தனியாகச் சேர்த்திருக்கவேண்டும். அநேகம் பேர் சேர்ப்பதில்லை."

பத்திரத்தைப் புரட்டினார். ஒரு இடத்தில் கண் நின்றது. உதடு துடித்தது. சிரிப்பை அடக்க முயன்று தோற்றுப்போனார்.

"எரிமலை?"

"ஓம், முசியே. எரிமலை."

"ஏன்?"

ஏன் என்று அதுவரை என்னை ஒருவரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் சிரிக்கத்தான் நேரம் இருந்தது. எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். ஒரு வீடு இருந்தது. எரித்தார்கள். நெருப்புக்குப் பணம் உண்டு, கலகத்துக்கு இல்லை என்றார்கள். அதனால் இந்த முறை இல்லை என்று சொல்லக்கூடிய எல்லாவற்றையும் வாங்கினேன்.

அவர் பேனையை மூடினார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"அந்த வீட்டுக்கு ஒன்றும் தரவில்லையா?"

"இல்லை."

"இந்த வீட்டுக்குத் தருவார்கள், மதாம்."

நான்கு வருஷமாக வராத அழுகை அன்று வந்தது. அந்த நாறும் பேஸ்மெண்டில், முன்பின் தெரியாத ஒரு மனிதனுக்கு முன்னால், ஏங்கி ஏங்கி அழுதேன். வெள்ளவத்தை வீட்டுக்காகவும் சேர்த்துத்தான் அழுதேன். றோசலின் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தானும் அழுதாள். இவர் படியில் நின்று மூக்கைச் சிந்தினார். நாற்றத்தால் என்று பிறகு சொன்னார்.

போகுமுன் முசியே பெலாஞ்சே கோலத்தைப் படம் எடுக்கவேண்டும் என்றார். கீழ்ப்படியில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, ஓரத்தில் நுனிக்காலில் நின்று எடுத்தார். ஒருவரும் அவரைக் கழற்றச் சொல்லவில்லை.

செய்தி பரவ அதிக நேரம் எடுக்கவில்லை. மழை எங்கள் வீட்டில் மட்டுமா பெய்தது? அடுத்த நாள் வேதாந்தம் போன் எடுத்து, "அம்மா, காலைலேர்ந்து ஏழெட்டுத் தமிழாளுங்க கூப்பிட்டுட்டாங்க. எல்லாருக்கும் எரிமலை இன்சூரன்ஸ் வேணுமாம்," என்றார். அன்று சனிக்கிழமை. மகேந்திரராசாவும் வழக்கம்போல எடுத்தான். லவாலில் அவனுடைய பேஸ்மெண்டும் சாக்கடைத் தண்ணீரில் மிதந்திருந்தது, ஒன்றும் கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள்.

"மலரக்கா..." என்று இழுத்தான்.

"என்ன தம்பி, மலை புகையுதோ எண்டு கேக்கவோ?"

"இல்லையக்கா. அந்த இன்சூரன்ஸ் கடுதாசியில என்னெண்டு எழுதிக் கேக்கவேணும்?"

சொல்லிக்கொடுத்தேன். ஆனால் அவனை மூன்று தரம் "எரிமலை" என்று உரத்துச் சொல்லவைத்துவிட்டுத்தான் சொல்லிக்கொடுத்தேன். நான் ஒன்றும் தேவதை இல்லை.

ஞாயிறு கிறகரி புதுப் பிலிமோடு வந்தான். காப்புறுதிப் பணம் வரும் என்று அறிந்ததும் தொழிற்சாலைக்காரர் கடனுக்குத் தந்த இரண்டு மெஷின்களும் அவனுடைய வான் வண்டியில் வந்தன. முதலில் கோலத்தைப் படம் எடுத்தான், நாலு பக்கத்தாலும். கோலம் போட்ட வீடுதான் தங்கியது என்று மாமி இதைப் பார்த்துச் சொல்லத்தான் போகிறா. இந்தக் கதையில் எனக்குப் பிடிக்காத ஒரே இடம் அதுதான், ஆனால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

இவரும் சிவானந்தமும் ஆளுக்கொரு மெஷினைத் தூக்கிக்கொண்டு, பழக்கதோஷத்தில் குசினிப் பக்கம் திரும்பினார்கள்.

"எங்க போறியள்? பின்கதவு திறந்து கிடக்கு."

இவர் நம்பாமல் பார்த்தார். "கோலம்?"

"அது தன்ர வேலையை முடிச்சிட்டுது. வாங்கோ."

அவர்கள் இன்னும் தயங்கி நின்றார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, படியேறி, கோலத்தின் நடுப்பூவில் காலை வைத்து உள்ளே நடந்தேன். காலில் ஒட்டிய மா படிகளிலும், கழுவித் துடைத்த தரையிலும், மெஷின் வைக்கும் இடம்வரைக்கும் வெள்ளையாய்ப் பதிந்துகொண்டு வந்தது.